நாற்காலியும் இலையும்

என் அக்கா தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் ஓட்டலில் சாப்பிட்டாள். சேலத்தில், கடைவீதிப் பக்கம் இருந்த ஒரு காபி கிளப்பில். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தி என்று நினைக்கிறேன். அந்தக் கிளப் இப்போது இல்லை. அந்த இடத்தில் பாத்திரக் கடை வந்து, அதுவும் போய், வேறு ஏதோ வந்துவிட்டது. அதனால் அதைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் ஓட்டல்காரர் அல்ல, நான்தான்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு காலையும் சூம்ப வைத்துவிட்டுப் போய்விட்டது. அவள் நடந்து நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி முன்னால் வைப்பாள். மறுபடி ஊன்றுவாள், மறுபடி வைப்பாள். எங்கள் காட்டில் நெருஞ்சி முள் அதிகம். அதனால் கைக்கு இரண்டு செருப்பு வைத்திருந்தாள். எல்லாரும் காலில் போடுவதை அவள் கையில் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எங்கள் அம்மா சொல்வாள். அம்மாவுக்கு அப்படிச் சொல்லிக்கொண்டால்தான் தாங்கும்.

ஓமலூருக்கு மேற்கே, வண்டிப் பாதையில் மூன்று மைல் தள்ளி எங்கள் ஊர். அடுப்பு தரையோடு இருந்ததால் சமையலில் அக்காவுக்கு எதுவும் தடையில்லை. அவள் வைக்கிற பருப்பு ரசத்துக்கும் கொள்ளுச் சட்டினிக்கும் ஊரில் ஈடு கிடையாது. நான் அப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் கடையில் குமாஸ்தா. மாதத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போவேன். போனால் அடுப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு டவுன் கதை அளப்பேன். கொஞ்சம் அலட்டல்தான். இருபத்து மூன்று வயதில் சட்டை போட்டுக் கிராப்புத் தலை வைத்துக்கொண்டவன் வேறு என்ன செய்வான்?

காபி கிளப்பைப் பற்றித்தான் அவள் திரும்பத் திரும்பக் கேட்பாள். சலவைக்கல் பதித்த மேசை, முதுகு வளைந்த நாற்காலி, கேட்டதும் வந்து விழுகிற தோசை, பித்தளை டம்ளரில் நுரை ததும்பும் காபி. தோசையைப் பற்றி ஒரு தடவை கேட்டால் நாற்காலியைப் பற்றி மூன்று தடவை கேட்பாள். எங்கள் ஊரில் நாற்காலி மணியக்காரர் வீட்டில் மட்டும் ஒன்று இருந்தது. அதில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை.

“எத்தன ஒசரமிருக்குஞ் சாமி?” என்பாள். எங்கள் பக்கம் தம்பியைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

கையால் காட்டுவேன்.

“அப்ப, அதுல உக்காந்தா எல்லாத்து மொகமும் நேராத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஒருக்கா அதுல உக்காந்து சாப்புடோணும். நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து எல்லாத்து காலையும் பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப்போச்சு.”

அவள் கேட்டது இதுதான், வேறொன்றுமில்லை. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். ஆனால் அந்தக் கிளப்பைப் பற்றி அவளிடம் எல்லாம் சொன்னவன், ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அங்கே பிராமணர்களுக்கு உள்கட்டில் தனி இடம். அங்கே சாப்பிடுகிறவர்களின் இலையை ஓட்டல்காரர்களே எடுப்பார்கள். வெளிக்கூடத்தில் மேசை நாற்காலியில் உட்காரும் எங்களைப் போன்றவர்கள், சாப்பிட்டானதும் அவரவர் எச்சில் இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய், கொல்லை வாசலை ஒட்டியிருந்த தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும். முதல் நாள் எனக்கு முகம் சுருங்கியது. பிறகு பழகிவிட்டது. பழகினாலும் ஊரில் போய்ச் சொல்லிக்கொள்கிற சங்கதியா அது? எங்கள் ஊர் விசேஷங்களில் எங்கள் இலையை எடுக்கப் பண்ணையாட்கள் கூடையோடு நிற்பார்கள். டவுனில் நான் என் இலையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன் என்று தெரிந்தால் என் அலட்டல் என்னாவது? அதனால் அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொன்னேன்.

அந்த வருஷம் தை அறுப்பு முடிந்ததும், பெரிய ஆஸ்பத்திரியில் காலைக் காட்டலாம் என்று அப்பா சம்மதித்தார். நான் ஊருக்கு வந்து, கோழி கூப்பிடும் முன்பே அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வண்டி ஓட்டியவர் எங்கள் பண்ணையாள். என் அப்பா வயது இருக்கும். அவரை நான் அன்றைக்கு ‘வாடா போடா’ என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று வருகிறது. அன்று வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனிதர். அக்காவின் காலைத் தொட்டு, மடக்கி, தட்டிப் பார்த்தார். நரம்பு செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அவளிடமே சொன்னார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். வெளியே வந்ததும் அவளை மரத்தடியில் இறக்கி வைத்தேன். நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமென்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவளே தலையை நிமிர்த்தினாள்.

“செரி, இது ஆனதுதான். அந்த நாற்காலிக்குப் போலாமா?”

கிளப்பின் வாசலில் ஐந்து படி. மழைத்தண்ணீர் ஏறாமல் இருக்க உயரமாகக் கட்டியிருந்தார்கள். நூறு தடவை ஏறியிருக்கிறேன், ஐந்து படி என்று அன்றைக்குத்தான் எண்ணினேன். வண்டிக்காரர் தெருவோடு நின்றுகொண்டார். அவருக்கு அந்த வாசலில் இடமில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறினேன். வாசலில் நின்ற பரிசாரகன், இருபது வயதுக்காரன், அவள் கையில் இருந்த செருப்பைப் பார்த்துவிட்டு, “அதை வெளியே விடச் சொல்லும்” என்றான். எல்லாரும் வெளியே விடுவதுதான். அவளும் கழற்றிப் போட்டாள்.

கல்லாவில் இருந்த முதலாளி எங்களைப் பார்த்ததும், “பொம்மனாட்டிகளுக்கு அந்தப் பக்கம் தட்டி மறைச்சு வெச்சிருக்கு” என்று கையைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். தட்டிக்குப் பின்னால் தரையில் நாலைந்து மணைப் பலகை போட்டிருந்தது. மறுபடியும் தரை. முதுகிலிருந்து அக்காவும் அதை எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, நாற்காலீல உக்காரட்டுமுங்க. அதுக்காகத்தானுங்க வந்துது” என்றேன்.

“ஆம்பளைகள் வர இடம்.”

“ஓரத்துல உக்காந்துக்கறமுங்க. கூட்டமில்லீங்களே.”

அவர் கூடத்தைப் பார்த்தார். பத்தரை மணி இருக்கும், ஒருவரும் இல்லை. “சீக்கிரம் ஆகட்டும்” என்று சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டைப் பிரித்துக்கொண்டார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். விட்டுக்கொடுத்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார்.

சுவரோர மேசையில் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் நானும் உட்கார்ந்தேன். அவள் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துச் சலவைக்கல்லைத் தடவினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் அக்காவின் முகத்துக்கு நேரே என் முகம் இருந்தது. இருவரும் உட்கார்ந்து, ஒரே உயரத்தில். அடுப்படியில் உட்காரும்போதும் அப்படித்தானே என்று கேட்கலாம். அங்கே நான் குனிந்து உட்கார்வேன். இங்கே குனிய வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தில் அன்று வந்த சிரிப்பு, கல்யாணப் பெண்கள் முகத்தில்கூட நான் பார்க்காதது.

கை கழுவும் இடம் கொல்லையில். மறுபடி தூக்கிக்கொண்டு போக வேண்டுமே என்று நான் தயங்கியபோது, வயதான பரிசாரகர் ஒருவர், நெற்றியில் சந்தனக் கீற்று வைத்திருந்தவர், சொம்பில் தண்ணீரும் ஒரு அகலப் பாத்திரமும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “இங்கேயே கழுவிக்கட்டும்” என்றார். அதற்கு அந்த இளைய பரிசாரகன் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாழையிலையை நறுக்கிப் போட்டார்கள். இட்லி ஆறிப் போயிருந்தது. விடியற்காலை வார்த்ததை மூடி வைத்திருக்கிறார்கள். அக்கா ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றாள்.

“உளுந்து பத்துல சாமி. இதையா நீ பெருசாச் சொன்ன?” என்று மெதுவாகச் சொன்னாள்.

சட்டினியில் தேங்காயைக் காணோம், பொட்டுக்கடலைதான் இருந்தது. அதற்கும் அவளிடமிருந்து ஒரு பார்வை வந்தது. ஆனால் தோசை வந்தது. ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று, நெய் மணக்க. முதல் துண்டை வாயில் போட்டதும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். சாம்பாரில் என்ன போட்டிருக்கிறான் என்று நாக்காலேயே பிரித்துப் பார்த்து, “வெந்தயத்த வறுத்துப் பொடிச்சுப் போட்டிருக்கறான். செரி, எடுத்துக்கறன்” என்றாள். ஏதோ அவனிடமிருந்து ஒரு பொருளை வாங்கி மடியில் கட்டிக்கொண்டவள்போல. “இன்னொண்ணு சொல்லட்டுமா?” என்று கேட்டேன். “எனக்கு வேண்டாம். வண்டிக்காரனுக்கு ரெண்டு கட்டித் தரச் சொல்லு. வெடியால இருந்து ஒண்ணும் திங்குலயே அவன்” என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. பெரியவரிடம் சொன்னேன். கொல்லைப் பக்கமாக வரச் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார்.

காபி வந்தபோது கூடத்தில் ஆட்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். காபியை அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே குடித்தாள். வந்தவர்களில் இரண்டு பேர் என்னோடு நூல் கடையில் வேலை பார்ப்பவர்கள். அடுத்த மேசையில் உட்கார்ந்துகொண்டு, “என்னப்பா, லீவா?” என்று ஒருவன் கேட்டான். அவன் கண் அக்காவின் மேல் போய், மேசைக்கடியில் மடங்கிக் கிடந்த காலுக்குப் போய், என்னிடம் திரும்பியது. “எங்கக்கா” என்றேன். வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

“போலாமா சாமி?” என்றாள் அக்கா. எழுந்தேன். என் இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டேன். கை தானாகவே அதைச் செய்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

“அதெதுக்கு எடுக்கற?”

நான் பதில் சொல்வதற்குள் கல்லாவிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. “அந்த இலையையும் எடுக்கணும். அவங்கவங்க இலையை அவங்கவங்க எடுக்கணும், தெரியாதா?” அதட்டவில்லை. தினம் ஐம்பது தடவை சொல்கிற குரலில் சொன்னார்.

பெரியவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரால் எங்கள் இலையைத் தொட முடியாது. தொட்டால் அங்கே அவருக்கு வேலை இருக்காது. ஆகவே எடுக்க வேண்டியவன் நான். என் கையில் ஒரு இலை இருந்தது. அதன்மேல் இன்னொன்றை வைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அல்லது முதுகில் ஏறிக்கொள் அக்கா, இலையை நீ பிடித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ வழி இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், அடுத்த மேசையைப் பார்த்தேன். பொம்பளை எச்சில் இலையை எடுத்தான் என்று நாளைக்குக் கடை முழுவதும் சிரிப்பார்களே என்று பார்த்தேன். ஒரு கண் இமைக்கிற நேரம்தான் பார்த்தேன்.

அக்கா முகங்களை நேருக்கு நேர் பார்க்கத்தான் அந்த நாற்காலிக்கு வந்தாள். என் முகத்தையும் பார்த்துவிட்டாள்.

“நீ போ சாமி. நான் வாரேன்” என்றாள்.

இலையை நாலாக மடித்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தானே நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கினாள். ஊன்றிப் போவதற்கு இரண்டு கையும் வேண்டும். கையில் இலையைப் பிடித்தால் நகர முடியாது. இலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிப் பார்த்தாள். பிறகு மடித்த இலையைப் பல்லில் கவ்விக்கொண்டாள். ஈரமும் மண்ணுமாகக் கிடந்த தரையில் வெறுங்கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி வைத்து, ஊன்றி, தூக்கி வைத்து, மேசைகளுக்கு நடுவே கொல்லை வாசலுக்குப் போனாள். நாற்காலியில் இருந்தவர்கள் காலை ஒதுக்கிக்கொண்டு வழி விட்டார்கள். தொட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. நான் என் இலையோடு அவள் பின்னால் நடந்தேன்.

கொல்லை வாசலுக்கு வெளியே வண்டிக்காரர் குந்தியிருந்தார். இளைய பரிசாரகன் உயரத்திலிருந்து காபியை ஊற்ற, அவர் கொட்டாங்கச்சியில் வாங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர், வாயில் இலையோடு வருகிற அக்காவைப் பார்த்தார். கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் செய்த மரியாதையை அந்தக் கூடத்தில் ஒருவரும் செய்யவில்லை, நானும்தான். அக்கா தொட்டிக்குக் கீழே வந்து, கழுத்தை நீட்டி, இலையை உள்ளே போட்டாள்.

திரும்பும் வழியில் வண்டி ஓமலூரைத் தாண்டியது. அதற்கப்புறம் அக்கா பேசினாள். தோசையைப் பற்றிப் பேசினாள். மாவில் ஒரு பிடி வெந்தயமும் அவலும் சேர்த்து ஆட்டுகிறான் என்று நினைக்கிறேன், வீட்டுக்குப் போய்ச் செய்து பார்க்கிறேன் என்றாள். செய்தும் பார்த்தாள். அதேபோல் வந்தது. அம்மாவிடம், “நல்லா இருந்துதும்மா, நாற்காலீல உக்காந்து சாப்புட்டேன்” என்றாள். இலையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லாமல் மறைத்த அதே ஒன்றை அவளும் மறைத்தாள். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள மறைத்தேன், அவளும் என்னைக் காப்பாற்றத்தான் மறைத்தாள்.

எனக்கு அந்த முதலாளிமேல் கோபம் இருந்தது. பல வருஷம் எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் எல்லாருக்கும் சொன்னதைத்தான் எங்களுக்கும் சொன்னார். எங்கள் வீட்டு விசேஷத்தில் எங்கள் எச்சிலை எடுக்கக் கூடையோடு நின்ற பண்ணையாளிடம் அதைவிட நல்ல குரலில் நாங்கள் பேசியதும் இல்லை.

மறு வருஷம் ஒரு நாற்காலி வாங்கினேன். முதுகு வளைந்த அதே மாதிரி. சேலத்திலிருந்து வண்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோனேன். அக்கா அதைத் தடவிப் பார்த்தாள், நல்ல மரம் என்றாள். உட்காரச் சொன்னேன்.

“ஏறிக்கலாஞ் சாமி. எறங்கறதுக்கு ஆளிருக்கோணுமே” என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்த நாற்காலியில் கடைசிவரை வற்றல் மிளகாய்க் கூடைதான் இருந்தது.

சண்டை முடிந்த மறு வருஷம், ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் அக்கா போய்விட்டாள். காரியத்தன்று அவள் புழங்கிய இடத்தில், அடுப்படியில், இலை போட்டுப் படைத்தோம். தோசை வார்த்து வைக்கச் சொன்னேன். அவள் செய்த மாதிரி வரவில்லை. படைத்ததை எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டபின் இலை மட்டும் கிடந்தது. வண்டிக்காரர், தலை முழுக்க நரைத்துப்போய், கூடையோடு வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே போய் அந்த இலையை மடித்தேன்.

“நீ எதுக்கு எடுக்கற? ஆளு நிக்குதில்ல” என்றார் ஒரு மாமா.

“குடுங்க சாமி, நான் கொண்டுபோயிப் போடறனுங்க” என்று வண்டிக்காரரும் கையை நீட்டினார்.

“வேண்டாம்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டார்.

இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய்க் குப்பைக் குழியில் போட்டேன். பத்தடி தூரம் இருக்கும். அன்றைக்கும் அவ்வளவுதான் இருந்தது.